ஸ்கேல் கேட்டால் எடைக்கருவி காட்டுவார்கள்: வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்கள்

மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள். கடையில் பென்சில், பேனா வாங்கக்கூட அங்கே வேறு ஆங்கிலம் வேண்டுமாமே?

வேண்டும்தான். நம் ஊர் ‘ஸ்கேல்’ அங்கே ‘ரூலர்’. ஸ்கேல் எங்கே என்று கேட்டால் எடை பார்க்கும் கருவி இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். பிள்ளைகள் வண்ணம் தீட்டும் ‘ஸ்கெட்ச்’ அங்கே ‘மார்க்கர்’. பிரிட்டனில் ‘ஃபெல்ட் டிப் பென்’. ‘ஸ்டேப்ளர் பின்’ வெறும் ‘ஸ்டேப்பிள்ஸ்’. ‘கூலிங் கிளாஸ்’ அங்கே ‘சன்கிளாசஸ்’. காய்கறி வாங்கிவிட்டு ‘கவர்’ கேட்டால் புரியாது, ‘பேக்’ என்று கேட்க வேண்டும். ‘டார்ச்’ லண்டனில் செல்லும், அமெரிக்காவில் ‘ஃப்ளாஷ்லைட்’.

முக்கியமானது ‘ரப்பர்’. பிரிட்டனில் நம்மைப் போலவே அழிப்பானைத்தான் அப்படிச் சொல்வார்கள். அமெரிக்கப் பேச்சுவழக்கில் அது ஆணுறை! ‘இரேசர்’ என்று இப்போதே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதற்காக நம் சொற்களைத் தப்பு என்று தள்ள மாட்டேன். மதுரைக் கடையில் ‘ஃபெல்ட் டிப் பென்’ கேட்டால் கடைக்காரர்தான் விழிப்பார்.

‘ஜெராக்ஸ்’ என்று எழுதலாமா?

பேச்சில் தாராளமாக. விண்ணப்பத்தில் ‘போட்டோகாப்பி’ என்றே எழுதுங்கள், ஏனென்றால் ஜெராக்ஸ் ஒரு நிறுவனத்தின் பெயர். அந்த முறையில் முதல் நகலை எடுத்தவர் செஸ்டர் கார்ல்சன். நியூயார்க்கின் அஸ்டோரியாவில், 1938-இல். 1959-இல் வந்த ‘ஜெராக்ஸ் 914’ இயந்திரம்தான் பெயரை அலுவலகங்களுக்குள் கொண்டுபோனது. அமெரிக்கர்களும் நம்மைப் போலவே அதை வினைச்சொல்லாக்கிவிட, வேண்டாம் என்று அந்த நிறுவனமே விளம்பரம் கொடுத்துக் கேட்டுக்கொண்டது.

டெலிகிராஃப், டெலிகிராம்: இரண்டும் ஒன்றா?

இல்லை. டெலிகிராஃப் தந்தி அனுப்பும் கருவி, டெலிகிராம் அதில் வரும் தந்தி. கருவிப் பெயர்களின் வாலைப் பிடித்தால் பாதிக் குழப்பம் தீரும். ‘மீட்டர்’ அளக்கும், ‘கிராஃப்’ பதியும், ‘கிராம்’ என்பது பதிவானது. நிலநடுக்கத்தைப் பதியும் கருவி சீஸ்மோகிராஃப். அது வரைந்து தரும் கோடு சீஸ்மோகிராம். ஈசிஜியின் கடைசி எழுத்தும் இந்தக் ‘கிராம்’தான். அதனால் டாக்டர் பார்ப்பது ஈசிஜியை, இயந்திரத்தை அல்ல. இந்தக் கணக்குக்கு அடங்காதது போட்டோகிராஃப்: அது படத்தின் பெயர், கருவி கேமரா.

‘ஸ்கோப்’ என்றால் பார்ப்பது என்று பள்ளியில் சொல்லித்தருவார்கள். அப்படியானால் காதில் மாட்டும் ஸ்டெதஸ்கோப்? அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஆராய்வது என்ற பொருளும் உண்டு, ‘ஸ்டெதோஸ்’ மார்பு. 1816-இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர், ஒரு பெண் நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதில் பிறந்த கருவி இது.

பிக்சர், பெயிண்டிங், டிராயிங், போர்ட்ரெய்ட்?

பிக்சர் எல்லாவற்றுக்கும் பொது. வண்ணம் தீட்டினால் பெயிண்டிங், கோடுகளால் வரைந்தால் டிராயிங். ஒருவரின் உருவமானால் போர்ட்ரெய்ட். அது போட்டோவாகவும் இருக்கலாம்.

‘எ சிசர்’ சரியா?

கத்தரிக்கோலுக்கு எப்போதும் ‘சிசர்ஸ்’. ஒன்றைச் சொல்ல ‘எ பேர் ஆஃப் சிசர்ஸ்’. குறடு, சாமணம், மூக்குக்கண்ணாடிக்கும் இதே விதி: ப்ளையர்ஸ், ட்வீசர்ஸ், கிளாசஸ். வட்டம் போடும் கவராயத்தைப் பிரிட்டிஷ் நடையில் ‘எ பேர் ஆஃப் கம்பசஸ்’ என்பார்கள். திசைகாட்டிக்குத் தனிக் ‘கம்பஸ்’ போதும்.

‘ஈக்விப்மென்ட்ஸ்’ என்று எங்கள் அலுவலகக் கடிதங்களில் எழுதுகிறோம்...

கடைசி எஸ்ஸை எடுத்துவிடுங்கள். ஃபர்னிச்சர், லக்கேஜ், ஸ்டேஷனரிக்கும் எஸ் கிடையாது. எண்ணிச் சொல்ல வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் ஈக்விப்மென்ட்’. டூல்ஸ், இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இரண்டுக்கும் தாராளமாகப் போடலாம். கூடவே ஒன்று: எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரியின் கடைசிப் பகுதியில் ‘இ’ (e) வரும். ‘ஏ’ (a) போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள். பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.