முதல் பாட்டு ஏன் மாறுவதில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம். முடித்துவிட்டு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் ஆளையும் குறைத்துவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

மண்டைக்குள் சம்பந்தமில்லாமல் ஏதேதோ ஓடுகிறது. காட்பாடி – பாகாயம் போகும் தனியார் பஸ் ஒன்று எப்போது கிளம்பினாலும் ஏன் அதே பாட்டோடு கிளம்புகிறது? பஸ்ஸில் மட்டும் ஏன் இன்னும் எண்பதுகளின் பாட்டு? அம்மா பார்க்கும் சீரியலில் ஒருவர் அதிர்ச்சியடைந்தால் ஏன் அந்த முகத்தை மூன்று முறை காட்டுகிறார்கள்? காலையில் அருமையாக இருக்கிற டீ மூன்று மணிக்கு ஏன் கைக்கிறது? இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். கூடவே, "எல்லாரும் மொபைலில் மூழ்கிக் கிடக்கிறார்கள், மனிதர்கள் மாறிவிட்டார்கள்" என்று நாலு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். வேலை தேடாமல் என்னடா வெட்டி யோசனை என்கிறார் அப்பா. இது எழுத்தாகுமா ஐயா?

பெயர் வேண்டாம்,
குடியாத்தம்.

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நாலு பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் மூழ்கிய மனிதர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதலாம், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். பஸ் பாட்டுக் கேள்வியை அந்த பஸ்ஸில் ஏறியவர்தான் கேட்க முடியும். உங்களிடம் குறை ஒன்றுதான். கேட்டதோடு நின்றுவிடுகிறீர்கள். பதில் தெரிந்த ஆள் பத்தடி தள்ளித்தான் நிற்கிறார். காலை பதினொரு மணிக்கு அவருக்கும் கொஞ்சம் ஓய்வு, உங்களுக்கும் ஓய்வு. வேலைக்குப் போகிறவனுக்கு அந்த நேரத்து வேலூரே தெரியாது.

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸின் மின்சாரம் 24 வோல்ட்; 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட்தான் வேண்டும் என்பதால் நடுவில் ஒரு கன்வர்ட்டர் இருக்கும். பெட்டியின் பின்னால் வரும் வயர்க் கொத்தில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றையும் பாருங்கள். கறுப்பு எர்த். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் லைன். மஞ்சளுக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். எந்தப் பாட்டில் நிறுத்தினோம், வால்யூம் எவ்வளவு வைத்தோம் என்பதைப் பெட்டி ஞாபகம் வைத்திருப்பது அந்த மஞ்சள் வயரின் தயவில். பல வண்டிகளில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, சாவி லைனிலேயே சேர்த்து டேப் சுற்றிவிடுவார்கள். அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. கன்வர்ட்டருக்கு ராத்திரி முழுக்க கரண்ட் போய்க்கொண்டிருந்தால் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பேட்டரி பழையதாக இருந்தால் காலை முதல் டிரிப்புக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்கு ஞாபகம் போனாலே தேவலை. ஆகவே காட்பாடியில் இஞ்சினை அணைத்ததும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் பென்டிரைவின் முதல் பாட்டு.

அந்த முதல் பாட்டும் யாரும் தேர்ந்தெடுத்ததாக இருக்காது. விலை குறைந்த பெட்டிகள் பாட்டுகளை அகரவரிசைப்படி அடுக்குவதில்லை. பென்டிரைவில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். மொபைல் கடைப் பையன் காப்பி செய்தபோது எது முந்தியதோ, அதுதான் காட்பாடிப் பயணிகளின் தலையெழுத்து. பாட்டின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டாலும் இந்தப் பெட்டிகளில் வரிசை மாறாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். நிறையப் பாட்டு கொள்ளுமே என்று 64 ஜிபி வாங்கிக் கொடுத்தால் பழைய பெட்டி அதைப் படிக்கவே மறுக்கலாம். அந்த அளவில் வருபவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வருகின்றன. அவற்றை ஃபேட்32 என்ற பழைய முறைக்கு மாற்ற வேண்டும்.

எண்பதுகளின் பாட்டு ஏன் என்பதற்கு டிரைவரின் வயது என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. மீதியை இஞ்சினிடம் கேளுங்கள். ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும்போது, நான்கு வீச்சு இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும் என்பதால், ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. நொடிக்கு 75. இன்றைய பாட்டின் அடித்தளமாக இருக்கும் பேஸ் அதிர்வும் கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான் இருக்கிறது. இஞ்சின் உறுமலில் அது கரைந்துபோய், மேலே சலசலப்பு மட்டும் மிஞ்சும். குரலும் வயலினும் புல்லாங்குழலும் அந்த எல்லைக்கு மேலே இருப்பவை. மெட்டு அவற்றில் இருந்தால் கடைசி சீட்டு வரைக்கும் வரும். ரசனைப் போட்டியாக இதைப் பேசுகிறவர்கள் ஒருமுறை இஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும்.

சீரியல் விஷயம் சிறியது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 22 நிமிடம் என்று வையுங்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 132 நிமிடம், அதாவது வாரம் ஒரு முழுநீளப் படம். வருஷக்கணக்கில், ஒரே வீட்டில், அதே ஆட்களை வைத்து. புதுக் காட்சிக்கு வசனம் வேண்டும், லைட்டிங் மாற்ற வேண்டும், ஆட்களின் தேதி வேண்டும். ஏற்கெனவே எடுத்த முகத்தைத் திரும்பக் காட்ட எடிட்டிங் மேசை போதும். அம்மாவோடு உட்கார்ந்து, ஒரு எபிசோடில் எவ்வளவு நேரம் யாரும் பேசாமல் முகங்களை மட்டும் காட்டுகிறார்கள் என்று மொபைல் ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள். அந்த எண்ணை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். அம்மாவிடம் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

டீக்குத் துணிப்பையைக் கவனியுங்கள். காலையில் புதுத் தூள் விழுகிறது. டஸ்ட் டீ மிக நுணுக்கானது. கொதிநீர் பட்டவுடன் நிறமும் மணமும் இறங்கிவிடும். கூட்டம் குறைந்தால் அதே பையில் மறுபடி மறுபடி வெந்நீர் ஊற்றுவார்கள். மணம் முதல் வடிப்பிலேயே போய்விடும், பிற்பாடு இறங்குவது பெரும்பாலும் துவர்ப்புதான். வடித்த டிகாஷனும் பாய்லர் சூட்டிலேயே கிடந்து கறுக்கும். அதை மறைக்க ஒரு கரண்டி சர்க்கரை கூடும். உயரத்திலிருந்து ஆத்தினால் நுரை வரும், ஆனால் நுரை பாலின் புரதம் காற்றைப் பிடித்துவைப்பதால் வருவது, டிகாஷன் பழசா புதுசா என்று அது சொல்லாது. நுரை சட்டென்று அடங்கினால் பாலில் தண்ணீர் தாராளம் என்று சந்தேகப்படலாம். சாயங்காலக் கூட்டத்துக்கு முன் மாஸ்டர் பையை உதறிப் புதுத் தூள் போடும் நேரம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்படி ஒவ்வொன்றையும் விசாரித்தபின் எழுதும்போது இடம், நேரம், விலை, அவர் சொன்ன சொல் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவிடுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் பஸ் வயரைப் பற்றிச் சொன்ன எலக்ட்ரீஷியன் உங்களைப் போலப் பேச ஆரம்பித்துவிடுவார். நோட்டை நீட்டிக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள், கணக்கெடுக்க வந்தவன் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். முதலில் பேச்சு, வெளியே வந்து குறிப்பு. ஒரு கேள்விக்கு முந்நூறு நானூறு சொல் போதும். கடைசிப் பத்தியில் சமூகத்தைத் திருத்தக் கை பரபரக்கும்; அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள்.

முன்மாதிரி வேண்டுமென்றால் சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்துக்குப் போய், கோமாளியாக வரும் கட்டியங்காரனைப் பாருங்கள். துரியோதனன் சபைக்கு நடுவில் தக்காளி விலையையும் போன வாரம் வந்த சினிமாவையும் இழுத்து வருவான், கதையும் கெடாது. கெட்டிக்காரக் கட்டியங்காரன் சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ச்செய்தியை விசாரித்துவிடுவான். அவனுடையதையும் வெட்டிப் பேச்சு என்று சொல்லலாம்தான். ஆனால் விடிய விடிய ஊரை உட்காரவைக்கிறது.

அப்பா சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். இணையத்திலேயே செய்யலாம். பதிவு செய்து ஐந்து ஆண்டு ஆகியிருந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் கட்டணத்துக்கும் டீக்கும் ஆகும். பதிவு அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.