பழைய அலமாரி வாங்கலாம் தம்பி, உப்புத்தாளை மட்டும் கீழே வையுங்கள்

மன்னார்குடியிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, வாடகை வீடு காலியாகக் கிடக்கிறது, கைக்குழந்தை வேறு. பழைய மரச்சாமான் வாங்கி நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமா அக்கா, எந்தக் கடை, என்ன நிறம், குளிருக்கு எந்த ஜாக்கெட் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட்டை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நிறத்தை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். எனக்குக் குழந்தை என்ற சொல்தான் கண்ணில் நிற்கிறது.

தாராளமாக வாங்குங்கள். ஆனால் பழைய பெயிண்ட் இருக்கும் எதையும் வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈயம் கலந்த பெயிண்டைப் பொது விற்பனையிலிருந்து இந்த நாட்டில் 1992இல்தான் எடுத்தார்கள். 1960களுக்கு முந்திய சாமான் என்றால் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். தேய்த்த தூள் தரையில் இறங்கும், குழந்தை அதில் தவழும், கை வாய்க்குப் போகும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹார்டுவேர் கடையில் சோதனைக் கிட் விற்கிறது, முதலில் அதை வாங்குங்கள். ஈயம் என்று காட்டினால் அந்தச் சாமான் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். நெருப்பு காட்டிப் பழைய பெயிண்டை உரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புகை தூளைவிட மோசம்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி ஆசையாக அனுப்பும் பழைய நடைவண்டிக்கும் இதுவே பொருந்தும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் நடை பழகிய வண்டி, பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் பூசியது, ஊரிலேயே இருக்கட்டும். ஆசாரியிடம் சொல்லிப் பெயிண்ட் அடிக்காமல் புதிதாக ஒன்று செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

வார்னிஷ் மட்டும் போட்ட பைன் மரச் சாமான் கிடைத்தால் விடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவி, காயவைத்து, லேசாகத் தேய்த்து, அடிப்பூச்சாக ஷெல்லாக் ப்ரைமர் ஒரு கை அடியுங்கள். ஷெல்லாக் என்றால் நம் அரக்குதான். அது இல்லாமல் வெள்ளை அடித்தால் மரக்கணு மஞ்சளாகக் கசிந்து வெளியே வரும். மேலே தண்ணீர் பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கை. நம் ஊர்த் தை வெயிலை நினைத்துக்கொண்டு நவம்பரில் கராஜில் அடிக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே சாமானை அடுக்காதீர்கள், உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். ஆளி விதை எண்ணெய் தடவினால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியக்கூடாது. தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

அப்புறம், நம் ஆட்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் வந்த முதல் குளிர்காலத்தில் தானமாக வந்த பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடையில் ஒரு பைன் டிராயர் பெட்டி வாங்கினேன். சாப்பிடக் கூப்பிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில், “அடுத்தவன் வீட்டுப் பழசா? அவ்வளவு கஷ்டமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தவணையில் மரத்தூள் பலகை அலமாரி வாங்குவார்கள், இரண்டு வீடு மாறினால் திருகாணி ஓட்டை பொடிந்துவிடும், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த தவணை. என் பெட்டி மூன்று நிறம் மாறி இப்போது என் மகள் அறையில் இருக்கிறது.

நான் கூத்தாநல்லூர்ப் பக்கம், உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். நெல்லைக் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கு ஏற்ற ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டுப் பத்தாயம் சும்மா நின்றது. அப்பா ஆசாரியை வரவழைத்துப் பிரிக்கச் சொன்னார். அந்தப் பலகையில் ஒரு கட்டில், கொல்லைக் கதவு, சாமி அலமாரி மூன்றும் வந்தன. கதவுக்கு அப்பாவே பச்சை அடித்தார். பிரித்த அன்று இண்டு இடுக்கிலிருந்து கொட்டிய பழைய நெல்லைப் பாட்டி முறத்தில் அள்ளிக் கோழிக்குப் போட்டாள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கட்டிலைத் தட்டிப் பார்த்து, நல்ல மரம் என்றார்கள். பழசு என்று ஒருவர் சொன்னதில்லை. அதே ஊர்க்காரர்கள்தான் இங்கே வந்து முகம் சுளிக்கிறார்கள்.

சோஃபா மட்டும் தீத்தடுப்பு லேபிள் தைத்திருந்தால் வாங்குங்கள். இந்த நாட்டின் 1988 தீப்பாதுகாப்பு விதிக்குள் வராததைக் கடைக்காரர் பொதுவாக விற்கக்கூடாது, அந்த லேபிள்தான் அதற்கு அடையாளம். லேபிள் இல்லாததைத் தனி ஆள் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மெத்தை புதிதாகவே வாங்குங்கள், மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டை விட்டுப் போகாது.