யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளை நடத்தும் நிறுவனம்) நிகழ்வு முடிந்ததும் அடுத்து யாருடன் யார் மோதுவார் என்று எப்படிக் கணிப்பது?

தரவரிசையை மட்டும் வைத்துச் சொன்னால் பாதி நேரம் தப்பும். அந்தப் பட்டியலுக்கு வாக்களிப்பவர்கள் ஊடகக்காரர்கள். ஜோடி சேர்ப்பவர்கள் ஷான் ஷெல்பி, மிக் மேனார்ட் போன்ற மேட்ச்மேக்கர்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நாக்அவுட் ஆனவருக்கு, சில காலம் சண்டையிடக் கூடாது என்று மருத்துவத் தடை விழும். கை உடைந்தவர் மாதக்கணக்கில் வரமாட்டார். அதனால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சண்டையிட்டவர்களில் வென்றவரோடு வென்றவரையும், தோற்றவரோடு தோற்றவரையும் சேர்ப்பதுதான் பாதுகாப்பான ஊகம். கொஞ்சம் சலிப்பானதும்கூட.

நீண்டகாலச் சாம்பியன் தோற்றால் கணக்கே வேறு. 2022 ஆகஸ்டில் கமாரு உஸ்மானை, புள்ளிகளில் பின்தங்கியிருந்த லியோன் எட்வர்ட்ஸ் கடைசிச் சுற்றில் ஒரே தலை உதையில் சாய்த்தார். 2015இல் உஸ்மான் ஏற்கெனவே அவரை வென்றிருந்தார். ஆளுக்கொரு வெற்றி, மூன்றாவது மோதலைத் தவிர வேறெதையும் யோசிக்க இடமில்லை. 2023 மார்ச்சில் லண்டனில் அது நடந்தது, எட்வர்ட்ஸ் பட்டத்தைத் தக்கவைத்தார்.

பலரும் மறப்பது பயிற்சிக்கூடத்தை. ஒன்றாகப் பயிற்சி எடுப்பவர்கள் பெரும்பாலும் மோதச் சம்மதிப்பதில்லை. டேனியல் கோர்மியே ஹெவிவெயிட்டிலிருந்து கீழ் எடைப்பிரிவுக்கு இறங்கியதே, ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த, தன்னோடு பயிற்சி எடுத்த நண்பர் கெய்ன் வெலாஸ்கெஸுடன் மோத விரும்பாததால்தான். காகிதத்தில் அருமையான சண்டை; நடக்க வாய்ப்பே இருக்கவில்லை.