பொட்காஸ்ட் வைத்துப் பாடம் நடத்தலாமா? மலையகக் கல்லூரிகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கம் கல்லூரிகளில் கற்பிப்பவர்களும் படிப்பவர்களும், பாடத்தை ஒலிப்பதிவாக்கிப் போனில் கேட்கக் கொடுப்பது (பொட்காஸ்ட்) பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சேர், கல்வி உளவியல் விரிவுரையை முழுதாகப் பதிந்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். 50 நிமிடம் வரும். பிள்ளைகள் "நன்றி மிஸ்" என்று போடுகிறார்கள். கேட்ட மாதிரித் தெரியவில்லை. (விரிவுரையாளர், ஹட்டன்)

மிஸ், வகுப்பில் உங்கள் முகம் இருக்கிறது, பலகை இருக்கிறது, இடையில் யாராவது கேள்வி கேட்கிறார்கள். இதெல்லாம் போய்க் குரல் மட்டும் 50 நிமிடம் என்றால் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் கவனம் நிற்காது. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்துப் பாட வீடியோக்களை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒலிக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நான் 8 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீளத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, கேட்கிறவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயையே எடுங்கள். அவர் சொன்ன வளர்ச்சிப் பருவங்களின் பெயர்களை ஒப்புவிக்காமல் இப்படித் தொடங்கலாம்: "வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் கூப்பிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். சமம்தானா என்று பிள்ளையிடம் கேளுங்கள். இப்போது ஒன்றை ஒடுக்கமான உயரக் கிளாஸுக்கு மாற்றி, எதில் கூட என்று கேளுங்கள். பதிவை இங்கே நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள்." அந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரக் கிளாஸைத்தான் காட்டும். ஏன் அப்படி என்பதை மீதி ஐந்து நிமிடத்தில் விளக்குங்கள். பிள்ளை சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வரச் சொல்லி, அடுத்த வகுப்பை அதிலிருந்து ஆரம்பியுங்கள். கேட்காமல் வந்தவர் யாரென்று நீங்கள் தேட வேண்டியதில்லை.

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் இல்லை. கோயில் மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். ரீலோட் போடவும் காசு பார்க்க வேண்டும். விரிவுரையாளர்களுக்கு இதைச் சொல்லுங்கள் சேர். (ஆசிரிய பயிலுனர், தலவாக்கலை)

கட்டாயம் சொல்கிறேன் தம்பி. எம்பி3 கோப்பை 128 கேபிபிஎஸ்ஸில் (ஒரு விநாடி ஒலிக்குப் போகும் தரவின் அளவு அது) சேமித்தால் 50 நிமிடத்துக்கு 48 எம்பி ஆகும். அதே குரலை மோனோவாக (ஒற்றை ஒலித்தடமாக), 32 கேபிபிஎஸ்ஸில், 8 நிமிடத்துக்குச் சேமித்தால் 2 எம்பிக்கும் குறைவு. பேச்சு தெளிவாகவே விளங்கும். பாட்டுக்குத்தான் அந்தத் தரம் போதாது. பதிவேற்றும் முன் இதைச் செய்ய விரிவுரையாளருக்கு இரண்டு நிமிடம் போகும். நூறு பிள்ளைகளின் டேட்டா மிஞ்சும்.

கல்லூரிக்கு வரும் நாளில் வகுப்பிலேயே புளூடூத்தால் போனுக்குப் போன் மாற்றிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள் என்றும் எல்லா விரிவுரையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். சிக்னல் இல்லாத பிள்ளைக்கு நேரலை வகுப்பைவிட இது எவ்வளவோ மேல்.

தகரக் கூரையில் மழை பெய்தால் ஒன்றும் பதிய முடியவில்லை. (கினிகத்தேனை)

மழை நின்ற பிறகு பதியுங்கள். கூரைச் சத்தத்தை ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளால் எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து கெடும். சுவர் எதிரொலிக்கு மருந்து உண்டு: இரண்டு கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

இரசாயனம் படிப்பிக்கிறேன். எனக்கு இது உதவுமா? (பதுளை)

சமன்பாட்டையும் கட்டமைப்பு வரைபடத்தையும் காதால் படிக்க முடியாது. அதற்குத் தாளில் கையால் எழுதுவதைப் போனால் படம்பிடித்த மூன்று நிமிட வீடியோ போதும். ஒரு கண்டுபிடிப்பின் கதை, பரீட்சையில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடம், ஆய்வுகூடத்துக்குள் போகுமுன் கவனிக்க வேண்டியவை, இவற்றுக்கு ஒலி நன்றாகப் பொருந்தும்.

இதையெல்லாம் வானொலி அந்தக் காலத்திலேயே செய்ததுதானே? (ஓய்வுபெற்ற அதிபர், கம்பளை)

உண்மைதான் ஐயா. உங்களுக்குப் பக்கத்திலேயே கொத்மலை சமூக வானொலி 1989 முதல் இயங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ ஆதரவுடன் அங்கே இணையத் திட்டம் வந்தபோது, கேட்போர் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி நிகழ்ச்சியில் பதில் சொல்வார்கள். கணினியே இல்லாத வீட்டுக்கும் இணையம் போய்ச் சேர்ந்தது. கேட்பவரின் கேள்வியில் தொடங்கிய அந்த முறையைத்தான் நாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். இப்போது கூடுதலாக இருப்பது, நிறுத்தித் திரும்பக் கேட்கும் வசதி.

ஒப்படையாக மாணவர்களையே பொட்காஸ்ட் செய்யச் சொல்லலாமா? எப்படிப் புள்ளி போடுவது? (வரலாறு விரிவுரையாளர், கண்டி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீங்கள் பதிந்து கொடுக்கும் பத்துப் பாடத்தைவிட, பிள்ளைகள் தாங்களே செய்யும் ஒன்றில் அதிகம் படிப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுங்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பாடப்புத்தகத்தில் இது ஒரு பந்தி. தம்பியைத் தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட்ட ஆச்சி இன்னும் அதே லயத்தில் இருக்கலாம். அவர் சொல்வதைப் பதிந்து, அந்த எண்களோடு சேர்த்து எட்டு நிமிடத்துக்குள் தொகுக்கச் சொல்லுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று பிள்ளை முடிவெடுக்கும் இடத்தில்தான் வரலாறு படிக்கிறது.

"அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் "கஷ்டம்தான் பிள்ளை" என்பதோடு முடிந்துவிடும். "முதல் நாள் கொழுந்து பறிக்கப் போனபோது கூடையை யார் கட்டிவிட்டது?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். கேள்விகளை முன்கூட்டி எழுதிக் காட்டச் சொல்லி, புள்ளியில் பாதியை அதற்கே வையுங்கள். ஒலித்தரத்துக்கு மிகக் குறைவாகப் போடுங்கள். நல்ல போன் வைத்திருப்பவருக்கு அதிகப் புள்ளி போகக்கூடாது.

சம்மதம் முக்கியம். பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே சம்மதம் இருக்கட்டும். தொகுத்ததைப் போட்டுக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். கங்காணி, துரை, அயல்வீட்டார் என்று பெயர் சொல்லிப் பேசியிருந்தால், வெளியே விடுமுன் அந்தப் பெயர்களை வெட்டிவிடுங்கள். நாம் பட்டம் வாங்கிப் போய்விடுவோம், அவர் அதே தோட்டத்தில்தான் இருக்க வேண்டும். 2022இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மாணவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.

என் பேச்சில் தோட்டத்துத் தமிழ் வருகிறது. பதியக் கூச்சமாக இருக்கிறது. (ஆசிரிய பயிலுனர், பண்டாரவளை)

மகள், நாளைக்கு நீங்கள் படிப்பிக்கப் போகும் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் அது. கலைச்சொல் மட்டும் சரியாக இருக்கட்டும். மற்றதெல்லாம் உங்கள் வாயில் வருகிறபடியே பேசுங்கள்.

காது கேட்காத மாணவர் ஒருவர் இருக்கிறார். (மாத்தளை)

எழுத்து வடிவம் இல்லாமல் எந்தப் பதிவையும் வெளியிடாதீர்கள். கூகுள் டொக்ஸில் தமிழில் பேசித் தட்டச்சலாம்; பிழை வரும், இருந்து திருத்த வேண்டும். சிக்னல் இல்லாத பிள்ளைக்கும் அந்த எழுத்துப் பிரதி உதவும்.

எந்தத் தளத்தில் போடுவது? பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்க்கலாமா? (பலர்)

தளம் எதுவானாலும் மூலக்கோப்பைக் கல்லூரிக் கணினியிலும் வெளி வன்தட்டிலும் வையுங்கள். தளங்கள் நிலைப்பதில்லை: அப்பிளின் பாடப் பதிவுத் தளமான ஐடியூன்ஸ் யூ 2021இன் முடிவில் மூடப்பட்டது, கூகுள் பொட்காஸ்ட்ஸ் 2024இல் போனது. சினிமாப் பாட்டு வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கற்பித்தலுக்குச் சலுகை இருந்தாலும், அதை நம்பிப் பாட்டோடு பொதுவெளியில் போடுவது ஆபத்து. இசை கட்டாயம் வேண்டுமென்றால் உங்கள் மாணவர்களில் தப்பு (பறை) அடிக்கத் தெரிந்தவர் இருப்பார். பத்து விநாடி அடிக்கச் சொல்லிப் பதியுங்கள், அவர் பெயரையும் முடிவில் சொல்லுங்கள்.