இரண்டு ரப்பர் பேண்ட் எதற்கு?

கேள்வி: வயது 29. பொறியியல் படிக்கும்போது ‘ஐடியா மன்னன்’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அம்மாவுக்காக, வேளை வந்ததும் மணியடித்து விளக்கெரியும் மாத்திரைப் பெட்டி ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டாக மூன்று பேர் சேர்ந்து செய்தோம். துறையில் முதல் பரிசு. இப்போது ஏழு வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வருகிற புகார்களை ஒவ்வொன்றாக மூடும் வேலை. மூளை துருப்பிடித்துவிட்டது. அடுத்த மாதம் முன்னாள் மாணவர் சந்திப்பில் ‘புத்தாக்கம்’ பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, புதுத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் கல்லூரி இன்குபேஷன் சென்டரில் சேர்ந்து, அதே பெட்டிக்குக் காப்புரிமை வாங்கி ஸ்டார்ட்அப் தொடங்கலாமா? (பேட்டரி மாற்றி மாற்றி அலுத்து, அந்தப் பெட்டி இரண்டாவது வாரமே பீரோ மேல் ஏறிவிட்டது. அம்மா இப்போது மாத்திரை அட்டைகளில் ரப்பர் பேண்ட் சுற்றி, பழைய கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்கிறார். ஒன்றில் ஒரு சுற்று, இன்னொன்றில் இரண்டு. பார்த்தால் சிரிப்பு வரும்.) என் படைப்பாற்றலை இந்த வேலை கொன்றுவிட்டதா?

பதில்: சிரிப்பு வரும் என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்த இடத்தில்தான் உங்கள் கடிதத்தைக் கீழே வைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. கல்லூரியில் நான் புலி, வேலை என்னைப் பூனையாக்கிவிட்டது என்று. ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு கம்பெனி, புலம்பல் மட்டும் ஒன்று. அவர்களுக்கெல்லாம் நான் என்ன எழுதினேனோ அதை உங்களுக்கு எழுதப்போவதில்லை. ஏனென்றால் அடைப்புக்குறிக்குள் நீங்களே உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். பெட்டி பீரோ மேல் ஏறியது இரண்டாவது வாரத்தில். அப்போது உங்களுக்கு வேலையே கிடையாது. மேனேஜர் கிடையாது, புகார் கிடையாது, துரு கிடையாது. கையில் பரிசுக் கோப்பை இருந்தது, நேரமும் இருந்தது. அன்றைக்கு அதை இறக்கிப் பார்க்காதது யார்? இந்தக் கம்பெனியா?

புராஜெக்ட் கண்காட்சிகளுக்கு நடுவராகப் பல தடவை போயிருக்கிறேன். தெர்மோகோல் அட்டை, அதன்மேல் வண்ண ஒயர், பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் மூன்று பேர். பட்டனை அழுத்துவார்கள், விளக்கெரியும், நாங்கள் தலையாட்டுவோம். நாற்பது நிமிடம் ஓடினால் போதும், மதிப்பெண் வந்துவிடும். அந்த நாற்பது நிமிடத்துக்காகச் செய்த பொருளைத்தான் நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்தீர்கள். அவருக்கு வேண்டியது ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருடம் 365 நாள்.

எந்த போர்டு வைத்துச் செய்தீர்கள் என்று எழுதவில்லை. அநேகமாக எல்லாரும் எடுக்கும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையாகத்தான் இருக்கும். இதே துறையில் இருக்கும் என் அக்கா மகனிடம் கேட்டேன். பெட்டி மணியடிக்காத நேரமெல்லாம் அந்த போர்டு கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு, பத்துக்கணக்கான மில்லிஆம்பியரை விழுங்கிக்கொண்டே இருக்கும் என்றான். போர்டைத் தூக்கிவிட்டு வெறும் சிப்பை வைத்து, அதைத் தூங்கவிட்டு, வேளைக்கு எழுப்ப ஒரு கடிகாரச் சிப்பைச் சேர்த்தால், மில்லிஆம்பியரில் போகிற கரண்ட் மைக்ரோஆம்பியருக்கு இறங்கிவிடுமாம். ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைச் சொல்ல அவனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘ஐடியா மன்னன்’ ஏழு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

இப்போது அந்தக் கண்ணாடிக் கூட்டை எடுங்கள். அம்மா என்ன செய்திருக்கிறார் பாருங்கள். ராத்திரி விளக்கைப் போடாமலே விரலால் தடவினால் எந்த அட்டை என்று தெரிந்துவிடும். பேட்டரி வேண்டாம். மருத்துவர் மாத்திரையை மாற்றினால் ரப்பர் பேண்டைக் கழற்றி அடுத்த அட்டையில் போட்டால் முடிந்தது. உங்கள் பெட்டியில் அதற்கு நீங்கள் வந்து புரோகிராமை மாற்ற வேண்டும். அட்டையைக் கத்தரித்துத் துண்டு போட்டு வைப்பவர்கள் வீட்டில் மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் ஏதோ ஒரு துண்டோடு போய்விடும். அம்மா அட்டையை முழுசாக வைத்து மேலே சுற்றியிருக்கிறார். இதை ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் யாராவது செய்து காட்டியிருந்தால் கைதட்டியிருப்பீர்கள். உங்கள் வீட்டில் பயனாளியும் அவரே, கண்டுபிடித்தவரும் அவரே. நீங்கள் வேடிக்கை பார்த்தவர்.

பேண்ட்-எய்ட் எப்படி வந்தது தெரியுமா? 1920-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு வாங்கும் வேலையில் இருந்தவர் ஏர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசபின் சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். துணியைச் சுற்றினால் நிற்காது, கழன்று விழும். டிக்சன் நீளமான ஒட்டுப் பட்டையை எடுத்து, இடைவெளி விட்டு விட்டு மெல்லிய துணித் துண்டுகளை வைத்து, மேலே விறைப்புத் துணியால் மூடி வைத்தார். வேண்டும்போது ஜோசபினே வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், கட்டுப்போட இன்னொரு ஆள் வேண்டாம். கணவன் வீட்டில் இல்லாத பகல் வேளைக்காகச் செய்த பொருள் அது. அந்த இடத்தைத்தான் நீங்கள் கோட்டைவிட்டீர்கள். அப்புறம் அதை அலுவலகத்தில் காட்டினார், 1921-இல் விற்பனைக்கு வந்தது. கையால் செய்ததால் முதலில் சரியாகப் போகவில்லை. 1924-இல் இயந்திரம் வந்தது. மனிதர் வேலையை விடவில்லை. அதே நிறுவனத்தில் துணைத் தலைவர் வரை உயர்ந்தார்.

சி.வி. ராமனையும் இழுக்கத்தான் வேண்டும். எல்லாரும் இழுப்பதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 1907-இல் அரசு நிதித்துறையில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தவர். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கல்கத்தாவில் ஓர் அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இடையில் வந்த இடமாற்றங்களையும் சேர்த்துப் பத்து வருடம். 1917-இல் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தே வேலையை விட்டார். விடுகிற நாளில் அவரிடம் பத்து வருட ஆய்வு இருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது? பீரோ மேல் தூசி.

காப்புரிமையையும் மறந்துவிடுங்கள். ஏழு வருடத்துக்கு முன்பே நாலு பேர் பார்க்கக் காட்சிக்கு வைத்த பெட்டி அது. புதுமை என்ற தகுதி அன்றோடு போச்சு. விண்ணப்பம் முதலில், கண்காட்சி அப்புறம். அடுத்த மாதம் மாணவர்களிடம் வேறொன்றும் பேச முடியாவிட்டாலும் இதையாவது சொல்லுங்கள், நிறையப் பேருக்குத் தெரியாது. அப்புறம், “மூன்று பேர் சேர்ந்து செய்தோம்” என்று தொடங்கி “நான் காப்புரிமை வாங்கலாமா” என்று முடித்திருக்கிறீர்கள். மற்ற இரண்டு பேர் எங்கே போனார்கள்?

வேலை சலிப்பாக இருக்கிறது என்பதை நம்புகிறேன். புகாரை மூடுவது யாருக்கும் இனிக்காது. ஆனால் ஏழு வருடமாக, எது எங்கே உடைகிறது என்று ஜனங்கள் எழுதி அனுப்பியதைத் தினமும் படித்திருக்கிறீர்கள். கல்லூரியில் உங்களுக்கு அது ஒருநாளும் கிடைத்ததில்லை. எந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது என்று என்றைக்காவது ஒரு தாளில் குறித்தீர்களா? மூடினேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே ராஜினாமா இப்போது கூடாது. அப்பா இல்லாத வீடு என்று ஊகிக்கிறேன், கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படியானால் அம்மாவின் மருந்துச் செலவு உங்கள் சம்பளத்தில் நடக்கிறது. அவருக்குச் செய்து கொடுத்ததை ஓடவைக்காமல், அவர் பேரைச் சொல்லி ஊருக்கு விற்கக் கிளம்புவது எனக்குச் சம்மதமில்லை. பழைய காலத்து மனுஷி என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இன்குபேஷன் சென்டரில் முதலில் கேட்கப்போவதும், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இதை யார், எத்தனை நாள் பயன்படுத்தினார்கள் என்றுதான். “அம்மா, பதிமூன்று நாள்” என்பீர்களா?

பெட்டியை இறக்குங்கள். ஆறு மாதம் அம்மா கையில் அது ஓடட்டும். ஓடவில்லையா, அவர் ரப்பர் பேண்டே நல்லது என்கிறாரா, ஒத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு அந்தக் கண்ணாடிக் கூட்டையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது ஏன் தோற்றது என்று பேசுங்கள். கூச்சம் தானாகப் போய்விடும். எடுத்துப் போவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள், அன்றைய மாத்திரையை வெளியே எடுத்து வையுங்கள்.

ஒன்றில் ஒரு சுற்று, இன்னொன்றில் இரண்டு என்று எழுதினீர்கள். காலை, ராத்திரி என்ற கணக்கா? சாப்பிடுவதற்கு முன், பின் என்பதா? ஒன்று போட வேண்டியது, இரண்டு போட வேண்டியதா? நான் கடிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன், எழுதவில்லை. இன்று ராத்திரி அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.