கேள்வி பதில்: ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தை, முதுமாணி மாணவி: கொழும்பில் டெங்கு விழிப்புணர்வு பற்றி வினாக்கொத்து கொடுத்து முடித்துவிட்டேன். ஒரு மாதமாக அறிமுகத்திலேயே நிற்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அறிமுகத்தை மூடி வையுங்கள். முறையியலில் தொடங்குங்கள். அது செய்து முடித்த வேலை; யோசித்துக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. எந்தக் கிராம அலுவலர் பிரிவுகள், எப்படித் தெரிவு செய்தீர்கள், எத்தனை வீட்டார் மறுத்தார்கள், சிங்கள வினாக்கொத்தும் தமிழ் வினாக்கொத்தும் ஒன்றையே கேட்டனவா என்று எப்படிச் சரிபார்த்தீர்கள்? எல்லாம் வேண்டும். மாதத்தையும் எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழையோடு நோயாளர் கூடிய வேளையில் கேட்டீர்களா, வறண்ட பெப்ரவரியில் கேட்டீர்களா என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். அறநெறிக் குழுவின் அனுமதியும் இங்கேதான் வரும். அதைத் தரவு சேகரிப்பதற்கு முன்பே பெற்றிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தது அட்டவணைகள். அவற்றை வரிசைப்படுத்தினாலே பெறுபேறுகளில் பாதி முடிந்துவிடும். அட்டவணையிலுள்ள எண்களை வாக்கியங்களில் மறுபடி ஒப்புவிக்காதீர்கள். பிறகு கலந்துரையாடல், அதன்பின் அறிமுகம், கடைசியில் சுருக்கம்.

2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த எண்ணோடு தொடங்கும் கட்டுரைகளை வாசித்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் வையுங்கள். இரண்டாம் பந்திக்குள் நோயை விட்டுவிட்டு, இதுவரை தெரியாதது எது, நீங்கள் கேட்டது எது என்பதற்கு வந்துவிட வேண்டும்.

தெஹிவளை: அறிமுகம் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

பதில்: அனுப்பப்போகும் சஞ்சிகையின் அறிவுறுத்தல்களைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை: பீ பெறுமதி (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் எண்; வழக்கமாக 0.05க்குக் கீழ் வந்தால்தான் ‘முக்கியத்துவம்’ என்பார்கள்) 0.06 வந்திருக்கிறது. ‘முக்கியத்துவத்தை நெருங்குகிறது’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அது விலகிப் போகவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? வித்தியாசத்தின் அளவையும், அது எந்த வீச்சுக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் கொடுங்கள்.

மருதானை: பெறுபேறுகளையும் கலந்துரையாடலையும் சேர்த்து எழுதலாமா?

பதில்: கூடாது. கண்டது ஓரிடம், அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் வேறிடம்.

பம்பலப்பிட்டி, சமூகவியல் விரிவுரையாளர்: மன்னிக்க வேண்டும், இது மருத்துவர்களின் சட்டகம். தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் எடுத்த நேர்காணலில் ஒரு பெண்ணின் கூற்றை ஓரிடத்திலும் அதன் பொருளை ஐந்து பக்கம் தள்ளியும் வைத்தால் இரண்டும் செத்துவிடும்.

பதில்: ஏற்கிறேன். அறிமுகம், முறையியல், பெறுபேறுகள், கலந்துரையாடல் என்ற இந்த நான்கு பகுதி அமைப்பு மருத்துவச் சஞ்சிகைகளில்கூட 1970களில்தான் பெருவழக்கானது. அதற்கு முன்பும் நல்ல கட்டுரைகள் வந்தன. நேர்காணல் ஆய்வில் சேர்த்தே எழுதுங்கள். ஆனால் அவர் சொன்னது எங்கே முடிகிறது, நீங்கள் சொல்வது எங்கே தொடங்குகிறது என்பது ஒவ்வொரு பந்தியிலும் தெரிய வேண்டும்.

பம்பலப்பிட்டி: அந்தக் கோட்டை நீங்கள் நினைப்பதுபோல் நேராக இழுக்க முடியாது. எந்தக் கூற்றை எடுப்பது என்பதே விளக்கம்தான்.

பதில்: அப்படியானால் எப்படி எடுத்தீர்கள் என்பதை முறையியலில் எழுதுங்கள். எனக்கு வரும் கட்டுரைகளில் அந்த வரிதான் இல்லை. இருபது நேர்காணல் எடுத்துவிட்டு, வசதியான மூன்று பேரை மட்டும் பேச விடுகிறார்கள்.

பம்பலப்பிட்டி: அதை மறுக்கவில்லை. எண்களை வைத்து எழுதுகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

பதில்: செய்கிறார்கள். மருதானைக்காரர் எந்த வகை ஆய்வு என்று சொல்லவில்லை. எண்கள் என்றால் என் முதல் பதில். நேர்காணல் என்றால் விரிவுரையாளர் சொல்வது.

கல்கிசை: சங்கப் பாடல் பற்றிய கட்டுரைக்கும் முறையியல் வேண்டுமா?

பதில்: என் துறை அல்ல. தமிழ்த்துறையில் கேளுங்கள்.

வத்தளை: அறிமுகம் எத்தனை பக்கம்?

பதில்: தெஹிவளைக்குச் சொன்னதை வாசியுங்கள்.

வெள்ளவத்தை, முதலில் கேட்டவர்: அறநெறிக் குழுவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: சேகரித்து முடித்த தரவுக்குப் பின்னோக்கி அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுதுவதை இன்றே நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த வினாக்கொத்துகளைப் பயன்படுத்தலாமா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். திகதியை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.