பச்சைப் பேனையும் பில் கட்டும்: ஓடிட் பயிற்சி பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொமர்ஸ் படிக்கும்போதே ரவுணில் ஒரு சின்ன ஓடிட் (கணக்காய்வு) அலுவலகத்துக்குள் பயிலுநராக நுழைந்தவள் நான். இப்போது அதே மாதிரி வரும் பிள்ளைகளின் வேலைத்தாள்களைத் திருத்துவது என் பாடு. கொம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்கும் காலத்தில் கணக்கியல், கணக்காய்வு வேலை பழகுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நான் கணக்கியல் படிக்கிறேன். உள்ளகப் பயிற்சி இறுதி வருடத்தில்தான் வரும் என்கிறார்கள். அதுவரை பொறுத்திருக்கவா? (மாணவி, கோண்டாவில்)

பொறுக்க வேண்டாம் தங்கச்சி. எங்கள் வேலைக்கு ஒரு பருவம் இருக்கிறது. வரி மதிப்பாண்டு மார்ச் 31 இல் முடியும். வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30 க்குள் போய்ச்சேர வேண்டும். இடையில் எட்டு மாதம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். எங்கள் கடைக்காரர் பலர் நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகுதான் சொப்பிங் பையில் பில் கட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரை எந்த அலுவலகத்திலும் வேலைக்கு ஆள் போதாது. ஓகஸ்டில் போய், "கிழமையில் இரண்டு நாள் வருகிறேன், காசு முக்கியமில்லை" என்று கேட்டால் கதவு திறக்கும். அதே கேள்வியை டிசம்பரில் கேட்டால் "பிறகு பாப்பம்" என்பார்கள்.

மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரே போங்கள். ஒரு பக்க விபரக்கோவை போதும்.

ஒரு மாதமாக வவுச்சருக்கு (செலவுச் சீட்டுக்கு) டிக் அடிக்கிறேன், போட்டோகொப்பி எடுக்கிறேன். வேறொன்றும் தருகிறார்கள் இல்லை. இதில் என்னத்தைப் படிக்கிறது? (உள்ளகப் பயிற்சியில் இருப்பவர், மானிப்பாய்)

தம்பி, உங்கள் சலிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் டிக் அடிக்கிற வேலை சின்ன வேலை என்று நினைத்துத்தான் நானும் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சேர்ந்து இரண்டாவது மாதம். ஒரு வியாபார நிலையத்தின் லொறி வாடகைச் செலவு. காசேட்டில் தொகை, கையில் பில், இரண்டும் சரி. பச்சைப் பேனையால் டிக், டிக் என்று போட்டு அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன். எங்கள் சீனியர் அண்ணை பைலைத் திறந்தார். மூன்று பில்லை மட்டும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று ஏப்ரல், மற்றது ஜூன், அடுத்தது செப்டெம்பர். "இலக்கத்தைப் பார்த்தனீரா?" என்றார். 214, 215, 216. ஒரே பேனை, ஒரே சாய்வு எழுத்து. "லொறிக்காரருக்கு ஆறு மாதமாக இந்தக் கடையை விட்டால் வேறு ஓட்டமே இல்லையோ?" எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு விசாரித்தால், காசு உண்மையிலேயே கொடுபட்டுத்தான் இருந்தது. கொடுக்கும்போது பில் வாங்கவில்லை. ஓடிட்டுக்கு ஆள் வரப்போகிறது என்றதும் ஒரு பில் புத்தகத்தை எடுத்து ஒரே இருப்பில் எழுதி நிரப்பிவிட்டார்கள். செலவு நடந்ததுதான், ஆனாலும் அந்தப் பில்லைச் சான்றாக எடுக்க முடியாது. இந்த வித்தியாசத்தை விரிவுரையில் இரண்டு முறை கேட்டிருந்தேன். அந்த மேசையில்தான் எனக்கு ஏறியது.

ஆகவே அடுத்த கட்டை எடுக்கும்போது தொகையோடு நிற்காதீர்கள். பில் யார் பெயரில் இருக்கிறது? கடையின் பெயரிலா, முதலாளியின் வீட்டுப் பெயரிலா? செலவுக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்து வைத்தது யார்? கூரை ஓடு மாற்றிய திருத்தச் செலவைச் சொத்து மாதிரிக் கட்டடக் கணக்கில் ஏற்றி வைத்திருக்கிறார்களா? சம்பள வவுச்சர் வந்தால் ஊழியர் சேமலாப நிதியைக் கையால் ஒருமுறை கணக்குப் போடுங்கள். சம்பளம் 40,000 ரூபா என்றால் ஊழியரிடம் பிடிப்பது 8 வீதம், 3,200. முதலாளி போடுவது 12 வீதம், 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம், 1,200. அப்புறம் கட்டிய திகதியைப் பாருங்கள். சேமலாப நிதிக் காசு அடுத்த மாத முடிவுக்குள் போயிருக்க வேண்டும். பிடித்த காசைக் கட்டாமல் வைத்துச் சுழற்றுகிற இடங்களும் உண்டு.

காசேட்டு மீதியையும் வங்கி மீதியையும் பொருத்திப் பார்க்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் இப்படித்தான். முன்வைக்கப்படாத, அதாவது கொடுத்தும் இன்னும் வங்கிக்கு வராத, காசோலைப் பட்டியலில் ஆறு மாதம் தாண்டிய காசோலை ஒன்று கிடந்தால் அதை அப்படியே அடுத்த தாளுக்குக் கொப்பி பண்ணாமல், "இதை ஏன் இன்னும் ஒருவரும் மாற்றவில்லை?" என்று கேளுங்கள். இப்படி இரண்டு கேள்வி கேட்கிற பயிலுநரிடம் மூன்றாம் மாதம் முழு பைலைத் தருவார்கள். நான் தருவேன்.

போட்டோகொப்பிக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் எடுத்தோம்.

கொழும்புப் பெரிய கொம்பனிக்குப் போகவா, யாழ்ப்பாணத்திலேயே நிற்கவா? (இறுதி வருடம், பருத்தித்துறை)

பெரிய இடத்தில் ஒழுங்கு பழகலாம். வேலைத்தாள் எப்படி எழுத வேண்டும், சோதிப்பதற்கு மாதிரியை எப்படித் தெரிவு செய்ய வேண்டும், மேற்பார்வைக் குறிப்புக்கு எப்படிப் பதில் போட வேண்டும் என்றெல்லாம் அச்சில் வார்த்த மாதிரிச் சொல்லித்தருவார்கள். பெயரும் பின்னுக்கு உதவும். ஆனால் ஆறு மாதமும் ஒரு பெரிய கொம்பனியின் நிலையான சொத்துப் பதிவேட்டோடு மட்டும் கிடந்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இங்கே சின்ன அலுவலகத்தில் சுன்னாகத்துக் கடை ஒன்றின் பில் பையைக் கொட்டித் தரம்பிரித்து, காசேடு எழுதி, பரீட்சை மீதி (எல்லாக் கணக்கு மீதிகளின் பட்டியல்) எடுத்து, பெறுமானத் தேய்வு போட்டு, இலாப நட்டம் வரைக்கும் நீங்களே கொண்டுபோவீர்கள். வரிக் கணிப்பையும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

ஆறு மாதப் பயிற்சி மட்டும் என்றால் இங்கே நில்லுங்கள் என்பேன். வெள்ளவத்தையில் அறை வாடகையும் சாப்பாடும் பயிற்சிக் கொடுப்பனவை விழுங்கிவிடும். பட்டயக் கணக்காளர் ஆவதென்று முடிவெடுத்து மூன்று வருடம் போவதென்றால் கொழும்பு வேறு கதை, அதற்குப் போகலாம்.

கொம்பஸ் பயிற்சிக் காலம் பட்டயக் கணக்காளர் பயிற்சியிலும் சேருமா? (மாணவர், சாவகச்சேரி)

தானாகச் சேராது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அங்கீகரித்த பயிற்சி இடமாக அது இருக்க வேண்டும், உங்கள் பயிற்சி ஒப்பந்தமும் அங்கே பதியப்பட்டிருக்க வேண்டும். ஏ.சி.சி.ஏ. என்ற பிரித்தானியக் கணக்காளர் தகைமை செய்பவர்களுக்கு 36 மாத அனுபவம் தேவை. அதில் படிக்கும்போது செய்த வேலையையும் சேர்க்கலாம், ஆனால் மேற்பார்வையாளர் ஒப்பமிட்டு உறுதிப்படுத்த வேண்டும். இரண்டிலும் முதல் நாளே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். முடிந்த பிறகு ஓடித்திரிந்து பலனில்லை.

அன்றன்று என்ன செய்தீர்கள் என்று நாட்குறிப்பு எழுதுங்கள். "கணக்காய்வு வேலை செய்தேன்" என்று எழுதினால் ஒருவருக்கும் உதவாது. "கடன்பட்டோர் 32 பேருக்கு மீதி உறுதிப்படுத்தல் கடிதம் அனுப்பினேன், 19 பதில் வந்தது, இரண்டு பொருந்தவில்லை" என்று எழுதுங்கள்.

எங்கே கேட்டாலும் அனுபவம் இருக்கிறதா என்கிறார்கள். முதல் அனுபவத்துக்கு எங்கே போவது? (எச்.என்.டி.ஏ. என்ற கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவி, நல்லூர்)

உங்கள் ஊர்க் கோயிலுக்கு. பகிடியில்லை. திருவிழா முடிந்ததும் உபயகாரர் கொடுத்தது, வெளிநாட்டில் இருந்து வந்தது, மேளம், சோடனை, அன்னதானம் என்று ஒரு கொப்பி நிறைய வரவு செலவு இருக்கும். பொருளாளர் அதை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். ரிசீட் புத்தகத்தின் அடிக்கட்டை ஒவ்வொன்றாக வங்கி வைப்போடு ஒப்பிட்டு, பொதுக்கூட்டத்துக்கு ஒரு கணக்கறிக்கை செய்து கொடுத்துப் பாருங்கள். சனத்துக்கு முன்னால் வாசிக்கப்படும் கணக்கில் பிழை விட மனம் வராது, அந்தப் பயமே நல்ல பயிற்சி. அறிக்கையின் பிரதியை நேர்முகத்துக்குக் கொண்டுபோகலாம், நிர்வாக சபையிடம் கேட்டுவிட்டு.

அடுத்தது கூட்டுறவுச் சங்கங்கள். சட்டப்படி அவற்றின் கணக்கு வருடா வருடம் கணக்காய்வுக்குப் போக வேண்டும், அதைக் கூட்டுறவுத் திணைக்களம் பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன் கணக்கை எழுதி முடிக்க உதவி தேவைப்படும் சங்கங்கள் குடாநாட்டில் இருக்கின்றன. பலநோக்குச் சங்கம், பனை தென்னைவளச் சங்கம் என்று போய்ப் பொது முகாமையாளரைக் கேளுங்கள்.

பிள்ளை, என் மகளை ஓடிட் வேலைக்கென்று கிளிநொச்சி, மன்னார் என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். கொடுக்கிற காசு பஸ்ஸுக்கும் காணாது. இது தேவைதானா? (ஒரு தகப்பன், உரும்பிராய்)

ஐயா, போக்குவரத்தை அலுவலகம்தான் பார்க்க வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கமில்லை, மகளைக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று நீங்களும் கேட்கலாம். சரியான இடமென்றால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். ஆனால் போகாமல் மறிக்காதீர்கள். பேரேடு அலுவலகத்துக்கு வரும், களஞ்சியம் வராது.

ஒரு கடையில் பகுதிநேரமாகக் கணக்கெழுதுகிறேன். பழைய திகதி போட்டு பில் எழுதச் சொல்கிறார்கள். (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

எழுதாதீர்கள். "எனக்கு இது சரிவராது அண்ணை" என்று ஒருமுறை மரியாதையாகச் சொல்லுங்கள். திரும்பவும் கேட்டால் வேறு இடம் பாருங்கள். கையெழுத்து உங்களுடையது, நாளைக்குக் கேள்வி வந்தால் முதலாளி உங்களைத்தான் காட்டுவார். அதேநேரம் அந்தக் கடைக் கதையைக் கன்ரீனில் அவிழ்க்கவும் வேண்டாம். கணக்காளருக்கு நேர்மையோடு இரகசியம் காப்பதும் தொழில் நெறி. சட்டச் சிக்கல் இருக்கிறது என்று நினைத்தால் அனுபவமுள்ள ஒரு கணக்காளரிடம் தனியாக ஆலோசனை கேளுங்கள்.

எந்த மென்பொருள் படிக்க வேண்டும்? ஆங்கிலம் சுமார்தான், பிரச்சினையா? (இருவர் கேட்டது)

எக்ஸல். தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், தேடி எடுக்கும் வீலுக்கப்பும் (VLOOKUP) வந்தால் பாதித் தூரம் தாண்டிவிட்டீர்கள். குவிக்புக்ஸ் மாதிரியானவை போன இடத்தில் ஒரு கிழமையில் பிடிபடும். ஆங்கிலத்தில் வேலைத்தாளுக்குத் தேவையான வசனம் நாற்பது, ஐம்பது தான். பழைய பைல்களைப் பார்த்து எழுதிப் பழகுங்கள். கொஞ்சம் சிங்களம் தெரிந்தால் தொலைபேசியில் கொழும்போடு கதைக்க உதவும்.

மார்ச் 31 இருப்புக் கணக்கெடுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு ஹாட்வெயார் கடை. என்ன கொண்டுபோக வேண்டும்? (இரண்டாம் வருடம், சுன்னாகம்)

கடினமான அட்டை ஒன்று, இரண்டு பேனை, தண்ணீர்ப் போத்தல், பழைய சப்பாத்து. வெள்ளைச் சட்டை போடவேண்டாம். சீமெந்துப் பை அடுக்கை முன்னால் நின்று பெருக்கிக் கணக்குப் போடாமல், ஏறி மேலே பாருங்கள். நடுவில் பை இல்லாமல் ஓட்டையாக இருக்கலாம். பெயின்ற் வாளியைத் தூக்கிப் பாருங்கள், வெறும் வாளியும் அடுக்கில் நிற்கும். ஆணி கிலோவிலா பெட்டியிலா பதியப்பட்டிருக்கிறது என்று எண்ணத் தொடங்க முன்னரே கேளுங்கள். கடைப் பொடியன்கள் மத்தியானம் சோடா தருவார்கள், குடிக்கலாம்.